யூதர்கள் ஒரு காலத்தில் குத்துச்சண்டையில் கொடிகட்டிப் பறந்தார்கள் என்பது உண்மையா?

ஒரு காலத்தில் உலகக் குத்துச்சண்டையில் யூதர்கள் முன்னணியில் இருந்தார்கள் என்று எங்கேயோ படித்ததாகவும், நம்ப முடியவில்லை என்றும், உண்மை என்றால் இப்போது ஏன் ஒருவர் பெயரும் காதில் விழுவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. யூதர் என்றதும் படிப்பு, வணிகம், விஞ்ஞானம் என்று மனதில் ஒரு படம் வருகிறது. மூக்கு உடைந்து, புருவம் கிழிந்து நிற்கிற ஒரு பாக்ஸர் அந்தப் படத்தில் பொருந்துவதில்லை. சண்டை என்பது ஒரு ஜனத்தின் ரத்தத்தில் இருக்கிற குணமா, அப்படியானால் அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நான் சிறுவயதில் அமெச்சூர் போட்டிகளில் ஆடியவன். இருபது வருடத்துக்கு மேலாகப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பழைய குத்துச்சண்டைப் படச்சுருள்களைத் தேடித் தேடிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் படித்தது உண்மை. ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் லண்டனுக்குப் போக வேண்டும். டேனியல் மெண்டோசா 1764இல் அந்த நகரத்தின் ஏழை யூதக் குடியிருப்பில் பிறந்தவர். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து வந்த யூத மரபு. உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், எடை சுமார் 73 கிலோ. அன்றைக்கு எடைப் பிரிவு கிடையாது, கிளவுஸ் கிடையாது. 1743இல் பிராட்டன் எழுதிய விதிகள்தான் இருந்தன. ஒருவர் கீழே விழுந்தால் ஒரு ரவுண்டு முடிந்தது. அரை நிமிடத்துக்குள் எழுந்து நடுக்கோட்டுக்கு வந்தால் அடுத்த ரவுண்டு. இடுப்புக்கு மேலே பிடித்துத் தள்ளலாம், தூக்கிப் போடலாம். இப்படிப்பட்ட ஆட்டத்தில் பெரிய உடம்புதான் ஜெயிக்கும். காலை ஊன்றி நின்று, யார் அதிகம் தாங்குகிறார் என்று பார்ப்பதே வழக்கம். மெண்டோசா நகர்ந்தார். பக்கவாட்டில் அடி எடுத்து வைத்தார், இடது கையை முன்னால் நீட்டி எதிராளியைத் தள்ளியே வைத்தார், அடி வரும்போது தலை அங்கே இல்லாதபடி பார்த்துக்கொண்டார். இது கோழைத்தனம் என்று அன்றைக்குச் சிலர் முகம் சுளித்தார்கள். இன்று என்னிடம் வருகிற பத்து வயதுப் பையனுக்கு முதல் வாரம் நான் சொல்லித் தருவது இதைத்தான்.

ரிச்சர்ட் ஹம்ஃப்ரீஸுடன் அவர் மோதிய மூன்று சண்டைகள் இங்கிலாந்து முழுக்கப் பேசப்பட்டன. 1788 ஜனவரியில் ஓடியமில் தோற்றார், 1789இல் ஸ்டில்டனில் வென்றார், 1790இல் டான்காஸ்டரில் மறுபடியும் வென்றார். 1792 முதல் 1795 வரை இங்கிலாந்தின் சாம்பியன். அந்தப் பட்டம் பறிபோன விதம் கொடுமையானது. 1795 ஏப்ரலில் ஹார்ன்சர்ச்சில், உயரத்திலும் எடையிலும் தன்னைவிடப் பெரியவரான ஜான் ஜாக்சனை எதிர்த்து நின்றார். ஐந்தாவது ரவுண்டில் ஜாக்சன் மெண்டோசாவின் நீண்ட முடியை ஒரு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தில் குத்தினார். விதிப்படி அது தவறில்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆனால் மெண்டோசாவின் முக்கியத்துவம் பட்டத்தோடு நிற்கவில்லை. அவர் பயிற்சிக்கூடம் நடத்தினார், 1789இல் குத்துச்சண்டைக் கலை பற்றி ஒரு நூலும் எழுதினார். அந்தக் காலத்து லண்டன் தெருக்களில் யூதர் ஒருவரைப் பார்த்தால் தாடியைப் பிடித்து இழுப்பதும், கல்லெறிவதும், துப்புவதும் சர்வ சாதாரணம். மெண்டோசாவின் கூடம் வந்து, யூத இளைஞர்கள் தற்காப்பு கற்றுக்கொண்ட பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது என்று அதே காலத்தில் வாழ்ந்த பிரான்சிஸ் பிளேஸ் என்ற சீர்திருத்தவாதி எழுதி வைத்திருக்கிறார். அவர் யூதரல்ல, லண்டனில் தையல் தொழில் செய்தவர். தெருவைத் தன் கண்ணால் பார்த்தவர். அதனால் அந்தச் சாட்சிக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். மெண்டோசாவுக்கு அடுத்த தலைமுறையில் டச் சாம் என்று அழைக்கப்பட்ட சாமுவேல் எலியாஸ் வந்தார். அப்பர்கட் அடியைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அவர் அதை மற்றவர்களைவிட நன்றாகப் பயன்படுத்தினார் என்று எடுத்துக்கொள்ளுங்கள், போதும். மனிதன் கையை முஷ்டியாக மடக்கிய நாளிலிருந்தே கீழிருந்து மேலே குத்தத் தெரிந்திருக்கும்.

சரி, உங்கள் கேள்வியின் மையம் அமெரிக்காவில் இருக்கிறது. 1881இலிருந்து 1924 வரை, ரஷ்யப் பேரரசிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் நடந்த கலவரங்களுக்கும் வறுமைக்கும் தப்பி, இருபது லட்சத்துக்கும் மேலான யூதர்கள் கப்பலேறினார்கள். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு, சிகாகோவின் மேக்ஸ்வெல் தெரு மாதிரியான இடங்களில் ஒரே அறையில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். ஒரு தெரு யூதர்களுடையது, அடுத்த தெரு ஐரிஷ்காரர்களுடையது, அதற்கடுத்தது இத்தாலியர்களுடையது. பள்ளிக்கூடம் போகவோ, தெருமுனையில் நின்று செய்தித்தாள் விற்கவோ அடுத்தவன் எல்லையைத் தாண்டியாக வேண்டும். தாண்டினால் சண்டை. அந்தச் சண்டையில் கெட்டிக்காரனாக இருந்த பையனைப் பக்கத்துக் கிளப்காரர் கவனித்து, நாலு ரவுண்டு ஆடினால் இவ்வளவு டாலர் என்று கூப்பிட்டார். தையற்கூடத்தில் வாரம் முழுக்கக் குனிந்து சம்பாதிப்பதை ஒரே இரவில் கொடுத்தார்கள். 1920இல் நியூயார்க் மாநிலம் வாக்கர் சட்டத்தின் மூலம் குத்துச்சண்டையை முறைப்படுத்தியதும் அந்தக் கதவு அகலமாகத் திறந்தது.

எத்தனை பேர் ஆடினார்கள்? 1920களின் கடைசியில் அமெரிக்கத் தொழில்முறை பாக்ஸர்களில் மூன்றில் ஒரு பங்கு யூதர்கள் என்று அடிக்கடி எழுதுவார்கள். அதை ஒரு குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் பெயரை மாற்றிக்கொண்டு ஆடியதால் தலையெண்ணுவது சுலபமில்லை. இதைவிட எனக்கு நம்பிக்கையான ஆதாரம் 1952இல் வெயின்பெர்க், அராண்ட் என்ற இரண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை. முன்னணி பாக்ஸர்கள் எந்தச் சமூகத்திலிருந்து வந்தார்கள் என்று வருட வரிசையில் பார்த்திருக்கிறார்கள். 1916இல் ஐரிஷ்காரர்கள் முதலிடம். 1928இல் யூதர்கள் முதலிடம், அடுத்து இத்தாலியர், அதற்கடுத்து ஐரிஷ். 1936இல் யூதர்கள் மூன்றாமிடத்துக்கு இறங்கிவிட்டார்கள். 1948இல் முதல் மூன்றில் அவர்கள் இல்லவே இல்லை, கறுப்பின அமெரிக்கர்கள் முதலிடம். இந்த ஒரு பட்டியலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில். நகரத்தில் யார் புதிதாக வந்த ஏழைகளோ அவர்கள் குத்துச்சண்டை வளையத்துக்குள் வருகிறார்கள். மேலே ஏறியதும் வெளியே போய்விடுகிறார்கள்.

அந்தக் காலத்தின் நட்சத்திரம் பென்னி லெனார்ட். இயற்பெயர் பெஞ்சமின் லெய்னர், 1896இல் லோயர் ஈஸ்ட் சைடில் பிறந்தவர். பெயரை மாற்றிக்கொண்டதற்குக் காரணம் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பது. நடந்தது தெரிந்ததும் அப்பா கொதித்தார் என்றும், பையன் பரிசுப் பணத்தை மேஜையில் வைத்ததும் அடுத்த சண்டை எப்போது என்று கேட்டார் என்றும் ஒரு கதை உண்டு. இதே கதையை வேறு சில பாக்ஸர்கள் மேலும் ஏற்றிச் சொல்வார்கள், ஆகவே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் ஆடியது பொய்யாக இருக்காது. என் கூடத்துக்கு வருகிற பையன்களில் சிலர் இன்றும் கிளவுஸை இங்கேயே வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

லெனார்ட் 1917 மே 28 அன்று ஃப்ரெடி வெல்ஷை ஒன்பதாவது ரவுண்டில் வீழ்த்தி லைட்வெயிட் என்ற எடைப் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். 1925 ஜனவரியில் ஓய்வு அறிவிக்கும் வரை, ஏழரை வருடத்துக்கும் மேலாக, அது அவரிடமே இருந்தது. தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வருவார். சண்டை முடிந்த பிறகும் வகிடு கலையாமல் இருக்கும் என்பது அவருடைய பெருமை. அவருடைய மூளையைப் பார்க்க வேண்டுமானால் 1922 ஜூலையில் ஜெர்சி சிட்டியில் லூ டெண்ட்லருடன் நடந்த சண்டையைத்தான் சொல்ல வேண்டும். டெண்ட்லரும் யூதர், பிலடெல்பியாக்காரர், இடது கை ஆட்டக்காரர். எட்டாவது ரவுண்டில் டெண்ட்லரின் இடது கை பலமாக இறங்கியது. லெனார்டுக்கு முழங்கால் மடங்கியது. அந்த நிலையில் எந்த பாக்ஸரும் எதிராளியைக் கட்டிப்பிடிப்பார், அல்லது கயிற்றோரம் ஓடுவார். லெனார்ட் பேச ஆரம்பித்தார். அடி இடுப்புக்குக் கீழே விழுந்தது, கையை மேலே வைத்து ஆடு என்கிற மாதிரி ஏதோ குறை சொன்னார். டெண்ட்லர் ஒரு கணம் தயங்கி அவருக்குப் பதில் சொல்லப் போனார். அந்த இரண்டு மூன்று நொடிகளில் லெனார்டின் கால் மீண்டும் நிலைக்கு வந்துவிட்டது. அங்கே பேசிய வார்த்தைகளை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் பேசித் தப்பித்தார் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. மறு வருடம் யாங்கி ஸ்டேடியத்தில் இருவரும் மீண்டும் மோதினார்கள். பதினைந்து ரவுண்டும் லெனார்டுடைய கையில்தான் இருந்தது.

அவருக்குப் பிற்பாடு நேர்ந்தது துயரம். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் சேர்த்த பணமெல்லாம் போயிற்று. முப்பத்தைந்து வயதில், உடம்பு பருத்து, முடி உதிர்ந்த நிலையில் மறுபடி வளையத்துக்கு வந்தார். 1932இல் ஜிம்மி மெக்லார்னின் அவரை ஆறாவது ரவுண்டில், மேலே ஆட முடியாதபடி அடித்துத் தோற்கடித்தார். பிறகு நடுவராக வேலை பார்த்தார். 1947 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கின் செயின்ட் நிக்கோலஸ் அரங்கில், நடுவராக நின்றுகொண்டிருந்தபோதே மாரடைப்பில் சரிந்து இறந்தார்.

பார்னி ராஸின் கதை வேறு மாதிரி. இயற்பெயர் டோவ் பெர் ரசோஃப்ஸ்கி. அப்பா வேதநூல் படித்த மனிதர், சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருப் பக்கம் சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். மகனை யூத சமய ஆசிரியராக்க ஆசைப்பட்டவர். 1923 டிசம்பரில் கடையில் கொள்ளையடிக்க வந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அம்மா மனமுடைந்து படுத்துவிட்டார். சின்னத் தம்பி தங்கைகள் அனாதை இல்லத்துக்குப் போனார்கள். பதினாலு வயதுப் பையன் தெருவுக்கு வந்தான். பணம் சம்பாதித்துக் குடும்பத்தை மறுபடி ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர வேண்டும், அது ஒன்றுதான் குறி. 1933 ஜூனில் டோனி கான்சோனெரியை வென்று லைட்வெயிட் பட்டமும் ஜூனியர் வெல்டர்வெயிட் பட்டமும் பெற்றார். மறு வருடம் மெக்லார்னினை வென்று வெல்டர்வெயிட் பட்டமும் வாங்கினார். வீட்டைச் சேர்த்துவிட்டார்.

1938 மே 31 அன்று ஹென்றி ஆம்ஸ்ட்ராங்குடன் அவர் ஆடிய கடைசிச் சண்டை படமாகக் கிடைக்கிறது. முதல் சில ரவுண்டுகள் ராஸ் நன்றாகத்தான் ஆடுகிறார். பிறகு கால் நின்றுவிடுகிறது. கால் போனால் பாக்ஸர் போனான் என்று நாங்கள் சொல்வோம். கை இருக்கும், கண் பார்க்கும், ஆனால் விலக முடியாது. ஆம்ஸ்ட்ராங் நிற்காமல் அடித்துக்கொண்டே வருகிறார். ராஸின் கார்னரில், அதாவது வளையத்தில் அவருக்கான மூலையில், இருந்த உதவியாளர்களும் நடுவரும் நிறுத்தலாம் என்று நினைத்தபோது வேண்டாம் என்று கெஞ்சினார் ராஸ். பட்டத்தை வளையத்தில் நின்றே இழக்கிறேன் என்பது அவருடைய பிடிவாதம். பதினைந்து ரவுண்டும் நின்றார். தன் 81 தொழில்முறைச் சண்டைகளில் ஒன்றில்கூட அவர் நாக் அவுட் ஆனதில்லை. ஒரு பயிற்சியாளனாக அந்தக் கடைசி ரவுண்டுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. நான் அந்தக் கார்னரில் இருந்திருந்தால் துண்டை எறிந்து சண்டையை நிறுத்தியிருப்பேன். அதன்பிறகு முப்பத்திரண்டு வயதில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தார். 1942இல், இரண்டாம் உலகப் போரில், பசிபிக் தீவான குவாடல்கனாலில், காயம்பட்ட தோழர்களை ஒரு குழிக்குள் வைத்துக்கொண்டு இரவு முழுக்கத் தனியாகச் சுட்டுக் காப்பாற்றினார். வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தார்கள். வலிக்குப் போட்ட மார்ஃபின் பழக்கமாகிவிட்டது. அதையும் தானே போய் மருத்துவமனையில் சேர்ந்து விட்டொழித்தார்.

லண்டனிலும் இந்த அலை ஓயவில்லை. ஆல்ட்கேட்டில் பிறந்த டெட் கிட் லூயிஸ் (கெர்ஷன் மெண்டலோஃப்) வெல்டர்வெயிட் சாம்பியனாகி, ஜாக் பிரிட்டனுடன் மட்டும் இருபது முறை மோதினார். ஒயிட்சாப்பலில் வளர்ந்த ஜாக்கி கிட் பெர்க், பிரார்த்தனைக்கான வஸ்திரங்களோடு வளையத்துக்குள் வந்து, அவற்றைக் கழற்றிக் கார்னர் கம்பத்தில் மாட்டிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார். 1930இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் வீழ்த்திய உலக சாம்பியனின் பெயர் மஷி கலஹான். ஐரிஷ் பெயர் மாதிரி இருக்கிறது, ஆனால் அவரும் யூதர்தான். முதலில் ஐரிஷ் ரசிகர்களை ஈர்க்க யூதர்கள் ஐரிஷ் பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் காற்று மாறியது, கால்சட்டையில் யூதர்களின் அடையாளமான ஆறுமுனை நட்சத்திரம் தைத்தால் டிக்கெட் விற்றது.

அந்த நட்சத்திரத்தோடு மிகப் பிரபலமானவர் மேக்ஸ் பேயர். 1933 ஜூன் 8 அன்று யாங்கி ஸ்டேடியத்தில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்து சில மாதங்களே ஆன நிலையில், ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கைப் பத்தாவது ரவுண்டில் தோற்கடித்தார். அவரை யூத சாம்பியன் என்று எழுதுவதில் நான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பேன். அப்பா வழியில் யூத வேர் இருந்தது, அம்மா யூதரல்ல, அவர் யூத முறைப்படி வளர்க்கப்பட்டவரும் அல்ல. ஆனால் அந்த இரவு நட்சத்திரத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்பட்டிருக்காது. ஷ்மெலிங்கையும் வில்லனாகப் பார்க்க வேண்டாம். அவருடைய மேலாளர் ஜோ ஜேக்கப்ஸ் ஒரு யூதர். நாஜிகள் நெருக்கியும் அவரை ஷ்மெலிங் கைவிடவில்லை. 1938இல் யூத வீடுகள் தாக்கப்பட்ட இரவில் இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

ஐரோப்பாவில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 1933 ஏப்ரலிலேயே ஜெர்மன் குத்துச்சண்டைச் சங்கம் யூதர்களை விலக்கியது. எரிக் சீலிக் என்ற ஜெர்மன் சாம்பியனின் பட்டங்களைப் பிடுங்கினார்கள், அவர் நாட்டை விட்டுத் தப்பினார். துனிஸில் 1911இல் பிறந்த விக்டர் பெரேஸ் தப்பவில்லை. ‘யங் பெரேஸ்’ என்று பெயர். 1931இல் பாரிஸில், இருபது வயதில், ஃபிராங்கி ஜெனாரோவை இரண்டாவது ரவுண்டிலேயே வீழ்த்தி ஃப்ளைவெயிட் உலக சாம்பியனானவர். 1943இல் பாரிஸில் கைதாகி ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அதிகாரிகளின் பொழுதுபோக்குக்காகச் சண்டை போட வைத்தார்கள். 1945 ஜனவரியில் கைதிகளைப் பனியில் நடத்திச் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்களுக்கு ரொட்டி எடுத்துவந்தபோது சுட்டார்கள் என்பது பிழைத்தவர்கள் சொன்ன சாட்சி. முகாம் சண்டைகளைப் பொறுத்தவரை, யாருடன் மோதினார்கள், எத்தனை முறை என்கிற விவரங்கள் பெரும்பாலும் நினைவிலிருந்து சொல்லப்பட்டவை, ஒன்றுக்கொன்று முரண்படும். சண்டை போட வைத்தார்கள் என்பது மட்டும் உறுதி.

போருக்குப் பிறகு அமெரிக்காவில் என்ன ஆயிற்று என்பது சுருக்கமான விஷயம். 1944இல் வந்த சட்டம் போர்வீரர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்தையும் வீட்டுக் கடனையும் கொடுத்தது. யூதர்களுக்கு இத்தனை இடம்தான் என்று கல்லூரிகள் வைத்திருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. குடும்பங்கள் புறநகருக்குப் போயின. பழைய தெருவில் ஐரிஷ் பையனும் இல்லை, யூதப் பையனும் இல்லை. உலகப் பட்டம் வென்ற அப்பாவே தன் மகனை வளையத்துக்கு அனுப்ப விரும்பவில்லை. அடி வாங்கியவனுக்குத்தான் அடியின் விலை தெரியும். ஒருவரும் இல்லை என்று நீங்கள் எழுதியதை மட்டும் திருத்த வேண்டும். அல்ஜீரிய யூதர்களான ராபர்ட் கோஹன் 1954இலும், அல்போன்ஸ் ஹலிமி 1957இலும் பாண்டம்வெயிட் பட்டம் வென்றார்கள். 2009இல் பெலாரஸில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த யூரி ஃபோர்மன் ஜூனியர் மிடில்வெயிட் பட்டம் வென்றார். ரப்பி, அதாவது யூத சமய ஆசிரியர், ஆவதற்காகப் படித்துக்கொண்டே ஆடியவர் அவர்.

ஆட்டக்காரர்கள் போனாலும் அவர்களுடைய வித்தை வேறு கைகளுக்குப் போயிற்று. ரே ஆர்சல் என்ற யூதப் பயிற்சியாளர் 1899இல் பிறந்தவர். ஜாக்கி பெர்க்குக்கும், மறுபடி ஆட வந்த பென்னி லெனார்டுக்கும் கார்னரில் நின்றவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு பனாமாவின் ஏழைத் தெருவிலிருந்து வந்த ராபர்ட்டோ டுரான் என்ற பையனுக்குக் கற்றுக்கொடுக்க வந்தார். 1980இல் மான்ட்ரியலில் டுரான் சுகர் ரே லெனார்டை வென்ற சண்டையை இணையத்தில் தேடிப் பாருங்கள். டுரானின் கைவேகத்தை விடுங்கள், அவருடைய தலையை மட்டும் கவனியுங்கள், ஒரே இடத்தில் இரண்டு முறை இருக்காது. இரண்டு ரவுண்டுக்கு நடுவே, நரைத்த தலையோடு வளையத்துக்குள் ஏறி வருகிற கிழவரையும் பாருங்கள்.